போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாத தொழில்

எந்தக் கடைக்காரரும் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்பார். என் தொழிலில் மட்டும் யாரையும் வாங்க என்று கூப்பிடவும் முடியாது, போயிட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பவும் முடியாது. அரிமளத்தில் நான் ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுகிறேன். இறந்துபோனவரை, வெளியூர் வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேருகிற வரைக்கும் கெடாமல் படுக்க வைக்கிற கண்ணாடி மூடிப் பெட்டி. புதிதாகக் கடை போட்டு ஈ ஓட்டிக்கொண்டு இருக்கிறவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன்: வியாபாரம் எப்படி என்று உங்களை யாராவது கேட்கவாவது செய்வார்கள். என்னிடம் அதைக்கூடக் கேட்க மாட்டார்கள். நன்றாக நடக்கிறது என்று நான் சொல்லிவிட்டால் என்ன செய்வது?

எட்டாம் வகுப்பில் ரெண்டு தடவை உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவன் நான். குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக். நான் அங்கே இருக்கும்போதுதான் எங்கள் அப்பா இறந்தார். லீவு கிடைத்து டிக்கெட் கிடைக்க மூன்று நாள் ஆனது. சித்திரை வெயில். ஊரில் ஒரு நாள் வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் எடுத்துவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஊரான் வீட்டுக்கெல்லாம் குளிர் ஏற்றிக் கொடுத்தவன், பெற்ற அப்பன் முகத்தைப் பார்க்கவில்லை. அம்புட்டுதான்.

அதனால்தான் ஊரோடு வந்து சேர்ந்ததும் கையில் இருந்ததை எல்லாம் போட்டு இந்தப் பெட்டியை வாங்கினேன். என் வீட்டுக்காரி பாக்கியம் ஒரே ஒரு கெடு வைத்தாள். வருகிற தீபாவளிக்குள் தொழில் சொந்தக் காலில் நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் திருப்பூரில் அவள் தம்பி சொல்லி வைத்திருக்கிற வாட்ச்மேன் வேலைக்கு நான் மறுபடியும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இனிமேல் ஊரைவிட்டு ஒரு அடி நகர மாட்டேன் என்று வந்தவனுக்கு இப்படி ஒரு கெடு. பெட்டி வந்து இறங்கின அன்று வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு அவள் சொன்னது இது: "இருவத்திரெண்டு வருசமா பொட்டி கட்டிட்டுப் போனீங்க. இப்பப் பொட்டியோட வந்து நிக்கிறீங்க."

பெட்டிக்கு ஒரு இடம்

வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று பாக்கியம் சொல்லிவிட்டாள். கடைவீதியில் ஒரு பழைய நெல் குடோன் காலியாகக் கிடந்தது. உடையவரிடம் போய், குளிர் மிஷின் ஒன்று வைக்க வேண்டும் என்றேன். பொய் இல்லையே. சோடா, கலர் யாவாரமா என்று கேட்டார், சிரித்து வைத்தேன். குட்டியானை வண்டியிலிருந்து இறக்கும்போது மேலே கட்டியிருந்த சாக்கு விலகி, கண்ணாடி மூடி தெரிந்துவிட்டது. இங்கே வேண்டாம் என்று கத்திக்கொண்டு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டி ஓடிய வேகத்தில், கொடுத்த சாவியைக்கூட என்னிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. அடுத்து மூடிக் கிடந்த ஒரு போட்டோ ஸ்டுடியோ. அங்கே வண்டியை நிறுத்தவே விடவில்லை. கடைசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தகரம் போட்டு வைத்தேன். மூடிமேல் பலகை போட்டு, அதன்மேல் பூப்போட்ட பெட்சீட் விரித்துவிட்டாள் பாக்கியம். பார்க்கக் கட்டில் மாதிரி இருந்தது.

அதுதான் வினையாகப் போனது. அவளுடைய பெரியப்பா மகன், எனக்கு மச்சான் முறை, ஒரு அக்னி நட்சத்திரத்து மத்தியானம் சாப்பிட வந்தார். அன்றைக்கு நான் பெட்டியை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை கழுவக் கொல்லைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. போய்ப் பார்த்தால் பெட்சீட்டின் மேல் படுத்து நல்ல குறட்டை. நான்கு மணிக்கு எழுந்து, இம்புட்டுச் சில்லுன்னு ஒரு கட்டில் எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். மறைத்துப் பிரயோசனம் இல்லை, சொல்லிவிட்டேன். மச்சான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் தூங்குனேன் மாப்ள. ஆனா அடுத்த தடவை இதுல நான் படுக்கிறது எனக்குத் தெரியாமத்தான் இருக்கணும்."

நோட்டீசும் நல்வரவும்

திருமயத்தில் ஒரு அச்சுக்கூடத்தில் கார்டு அடிக்கக் கொடுத்தேன். கடைத் திறப்பு, காதுகுத்து என்று அடித்துப் பழகிய கை. பெட்டியின் பெருமையெல்லாம் சரியாகப் போட்டு, அடியில் கொட்டை எழுத்தில் "தங்கள் நல்வரவை நாடும்" என்று அடித்து, என் பெயரையும் போட்டுவிட்டார். ஐந்நூறு கார்டு. ஏனய்யா இப்படி என்றால், அது அச்சிலேயே இருக்கிறது அண்ணே, எல்லாருக்கும் வருவதுதான் என்கிறார். பேனாவை எடுத்து ஐந்நூறிலும் அந்த வரியை நானே கோடு போட்டு அடித்தேன்.

அடித்து என்ன செய்ய? அதை யாரிடம் கொடுப்பது? டீக்கடையில் நீட்டினால் தேள் கொட்டியது மாதிரிக் கையை உதறினார்கள். டீ மாஸ்டர் மட்டும் வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்: "இதை நான் யாருக்குண்ணே குடுக்கிறது? இங்கிட்டு வர்ற அம்புட்டுப் பேரும் டீ குடிக்கிற நெலமையில இருக்காங்களே?"

அரிசிப் பானைக்குள் ஒரு துண்டு

அதற்கப்புறம் யோசித்தேன். ஊரில் ஒரு சாவு என்றால் முதலில் தெரிவது யாருக்கு? சங்கு ஊதுகிறவருக்கு, மாலை கட்டுகிறவருக்கு, பிளெக்ஸ் அடிக்கிறவருக்கு, ஆவூர்ப் பக்கமென்றால் மாதா கோயில் மணி அடிக்கிறவருக்கு. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் போய்ப் பார்த்தேன். மற்ற வீடுகளுக்குத் தினசரிக் காலண்டர் அடித்துக் கொண்டுபோனேன். மேலே பிள்ளையார் படம், கீழே என் பெயரும் போன் நம்பரும். சும்மா கொடுத்தால் நம் ஊரில் காலண்டரை வேண்டாம் என்கிறவர் கிடையாது.

எல்லாரும் வாங்கினார்கள். வாங்கிய கையோடு கத்தரிக்கோலை எடுத்து என் பெயரை மட்டும் வெட்டிவிட்டுப் பிள்ளையாரை மாட்டிக்கொண்டார்கள். தெருவில் எந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாலும் என் காலண்டர் வால் அறுந்து தொங்கியது. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்தத் தெருவிலிருந்தே ஒரு அம்மா போன் பண்ணினார், மாமனார் தவறிவிட்டார் என்று. பெட்டியை வைத்துவிட்டு, என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று மெதுவாகக் கேட்டேன். அந்தம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வெட்டுனதைத் தூரப் போடலண்ணே. அரிசிப் பானைக்குள்ள வச்சிருந்தேன். கண்ணுல படக் கூடாது, கைக்குக் கெடைக்கணும், இல்ல?"

முதல் வீடு

முதல் வீட்டைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம், அதான் தள்ளிப் போட்டேன். பெட்டி வாங்கி ரெண்டு மாதம் கழித்துத்தான் முதல் அழைப்பு வந்தது. போனேன். பெட்டியை மட்டம் பார்த்து வைத்தேன். பிளக்கைச் செருகி, குளிர் ஏறும் வரை பக்கத்திலேயே நின்று, கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைத்து, குறை சொல்ல முடியாத வேலை. அங்கே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஏசி வேலை முடித்துக் கிளம்பும்போது வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு கிளம்புவது இருபத்திரண்டு வருஷப் பழக்கம். வாய் தானாகத் திறந்து, "அப்ப நான் போயிட்டு வாரேங்க" என்று கணீரென்று சொல்லிவிட்டது.

ஒப்பாரி நின்றுவிட்டது. கேத வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது என்பது மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? இருந்த கூட்டம் அம்புட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது. இறந்தவருக்கு மூத்தவர், எண்பது வயதிருக்கும், நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "அடுத்து யாருக்குய்யா வர்ற?"

போனில் என் பேர்

அன்றிலிருந்து வாயைப் பூட்டிவிட்டேன். வேலை முடிந்ததா, செருப்பைக் காலில் மாட்டினோமா, திரும்பிப் பார்க்காமல் நடந்தோமா என்று இருந்தேன். ஆனால் வாயைத் திறக்க வேண்டிய இடத்திலும் என் பேச்சு எடுபடவில்லை. பேரனுக்குக் குடுமியான்மலையில் காதுகுத்து வைத்தோம். சொந்தபந்தங்களைப் போனில் அழைக்க உட்கார்ந்தேன். ஒருத்தரும் எடுக்கவில்லை. விசாரித்தால், எல்லார் போனிலும் என்னை "ஐஸ் பெட்டி" என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயர் திரையில் மின்னினால் யார் எடுப்பார்கள்?

கீரனூரில் இருக்கிற எங்கள் அக்கா மகள் மட்டும் எடுத்தாள். எடுத்தவள் ஹலோ சொல்லவில்லை, "யாரு மாமா, யாரு?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் அவள் மாமியார் என்னடி என்று கேட்டு, விவரம் தெரியாமலேயே அந்தம்மாவும் சேர்ந்து அழுதது. நடுவில் நான் காதுகுத்து, காதுகுத்து என்று தொண்டை கிழியக் கத்துகிறேன். ஒரு வழியாக அவள் காதில் விழுந்தது. மூச்சை இழுத்து விட்டுவிட்டுச் சொன்னாள்: "இனிமே விசேசத்துக்கு அத்தையைப் பேசச் சொல்லுங்க மாமா. நீங்க பேசுனா காதுக்கு முன்னாடி நெஞ்சுல குத்துது."

ரெண்டு பர்சன்ட்

இன்னொரு வீட்டில் பெட்டி ஓடும் சத்தம் திடீரென்று நின்றது. கரண்டு போகவில்லை, தலைக்கு மேலே காத்தாடி சுற்றுகிறது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால் என் பிளக்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. இறந்தவருக்குத் தங்கை மகனாம், சென்னையில் பெரிய கம்பெனியில் வேலையாம். சிங்கப்பூரில் இருக்கிறவர்களுக்கு வீடியோவில் மாமா முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தவன். படித்த பிள்ளையாச்சே, இப்படிச் செய்யலாமா என்றேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னான்: "ரெண்டு பர்சன்ட்தாண்ணே இருந்துச்சு. மாமா எங்கிட்டும் போயிர மாட்டாரு, போனு ஆஃப் ஆயிரும்ல."

அளவு பார்க்க வந்தவர்

திருமயத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு செட்டியார் வந்தார். பெரிய வீடு, பிள்ளைகள் எல்லாம் வெளியூர், இவர் மட்டும் தனியாக. ஆள் நன்றாகத்தான் இருந்தார், பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வந்திருந்தார். பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். பையிலிருந்து டேப்பை எடுத்து நீளம் அளந்தார். காலை மடக்கி வைக்கிற வேலையெல்லாம் தனக்கு ஆகாது என்றார். சத்தம் எப்படி என்று ஓட்டிக் காட்டச் சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கூட இம்புட்டுக் கேள்வி கேட்க மாட்டார். அரை நாள் போனது.

கடைசியில் தலைமாட்டில் நான் பெரிதாக ஒட்டியிருந்த போன் நம்பரில் அவர் கண் நின்றது. வருகிறவன் என் முகத்தைப் பார்ப்பானா, உன் நம்பரைப் பார்ப்பானா என்று கேட்டார். விளம்பரம் இல்லாமல் தொழில் எப்படி ஐயா நடக்கும், தீபாவளிக்குள் நான் நின்று காட்ட வேண்டுமே என்று என் கதையைச் சொன்னேன். யோசித்தார். வியாபாரக் குடும்பம், சும்மாவா? டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "கால்மாட்டுல ஒட்டுய்யா. விழுந்து கும்பிடுறவன் பாத்துக்கிருவான்."

மீன் வண்டி

தீபாவளிக்கு ஆறு நாள் இருந்தது. பாக்கியம் திருப்பூருக்கென்று புதுப் பையே வாங்கி வைத்துவிட்டாள். அப்போதுதான் பக்கத்துக் கிராமத்திலிருந்து அழைப்பு வந்தது. பெரியவர் ஒருவர் காலையில் தவறிவிட்டார். ஒரே மகன், சவுதியில். மறுநாள் மத்தியானம்தான் வந்து சேருவான். பெட்டியை வைத்த ஒரு மணி நேரத்தில் காற்றும் மழையும் பிடித்து, கம்பம் சாய்ந்து கரண்டு போனது. மைக்செட்காரரிடம் ஜெனரேட்டர் வாங்கி ஓட்டினேன். மறுநாள் விடிந்ததும் அதுவும் தண்ணீர் குடித்து இருமிவிட்டு நின்றது.

மகன் வர இன்னும் ஆறு மணி நேரம் இருக்கிறது. எனக்குக் குவைத்தில் டிக்கெட்டுக்கு நின்ற நாள் ஞாபகம் வந்தது. தார் ரோட்டுக்கு ஓடினேன். கடற்கரையிலிருந்து மீன் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டி அந்த நேரத்துக்கு அந்த வழியாகத்தான் போகும். நடுரோட்டில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். என்ன மீன் வேணும் என்று கேட்டார் வண்டிக்காரர். மீன் வேண்டாம், ஐஸ் வேண்டும் என்று விவரத்தைச் சொன்னேன். மீன் கெட்டால் கெட்டுவிட்டுப் போகிறது என்று அவரே இறங்கி ஐஸை அள்ளிக் கொடுத்தார். வாடை வராமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, உமிச் சாக்கில் சுற்றி, பெட்டிக்கு உள்ளேயும் சுற்றியும் அடுக்கினேன். ஏசி வேலையில் கற்றது ஒன்றுதான்: குளிரை உண்டாக்குவது பெரிதல்ல, வெளியே விடாமல் இருப்பதுதான் பெரிது. அதனால் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அங்கே பிடித்தது வம்பு. வருகிற ஒவ்வொரு உறவும் மூடியைத் திறந்து முகத்தைத் தொட வேண்டும் என்கிறது. நான் விடவில்லை. இறந்தவருடைய தங்கை, எங்கள் அண்ணனைப் பார்க்க ஒன்கிட்டே பர்மிசன் வாங்கணுமா என்று என் சட்டையைப் பிடித்துவிட்டது. வாடகைக்கு வந்தவன் வீட்டுக்காரனாட்டம் நிக்கிறான் என்றார் ஒருவர். பொட்டியைத் தூக்கிட்டுப் போகச் சொல்லுங்கடா என்றார் இன்னொருவர். இந்த வீட்டோடு தொழில் முடிந்தது, திருப்பூர்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனாலும் கையை எடுக்கவில்லை. ஒரு மணிக்குக் கார் வந்து நின்றது. மகன் இறங்கி ஓடி வந்தான். அப்போதுதான் மூடியை நானே திறந்தேன். அப்பன் முகம் தூங்குகிற மாதிரி இருந்தது. அவன் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு என்னென்னவோ சொன்னான். நான் வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டேன்.

குளிப்பாட்ட எடுத்த பிறகு பெட்டியைக் குட்டியானையில் ஏற்றினேன். வழக்கம்போல ஒரு வார்த்தை பேசாமல், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன். வாசல் வரைக்கும் வந்திருப்பேன். உள்ளேயிருந்து ஒரு குரல், பொட்டிக்காரரே என்று. இறந்தவருடைய சம்சாரம். ஒரு வார்த்தை சொல்லிக்காமல் போகிறீர்களே, போயிட்டு வாங்க என்றது அந்த ஆத்தா. கூட்டம் திடுக்கிட்டுப் போனது. நாத்தனார் ஓடி வந்து வாயைப் பொத்தப் போனது, என்ன பேச்சு பேசுறீங்க அண்ணி என்று. ஆத்தா அந்தக் கையை விலக்கிவிட்டு, மகனை ஒரு தரம் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னது: "எம் மகன் கருமாதி முடிஞ்சதும் திரும்ப அங்கிட்டுத்தானே போகணும்? நாளைக்கு எனக்கும் அவன் வர்ற வரைக்கும் மூடியைப் புடிச்சுக்கிட்டு நிக்க ஒரு ஆளு வேணும்ல. போயிட்டு வாங்கப்பா."

திருப்பூருக்கென்று வாங்கிய பையில் இப்போது பெட்டியின் வயரையும் பிளக்கையும் போட்டு வைத்திருக்கிறாள் பாக்கியம். தொழில் சொந்தக் காலில் நின்றுவிட்டதா என்று கேட்டால், என்னை வாங்க என்று சொல்ல ஒரு வீடு கிடைத்திருக்கிறது, எப்போது என்று மட்டும் நான் கேட்கக் கூடாது.